ஊருக்கு வெளியே ஒரு வீடு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இன்று உங்களை ஜெர்மனியின் ஒரு பழைய வீட்டு வாசலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்நாட்டின் தென்பகுதியில், குறிப்பாகப் பவேரியாவில், பக்கத்தில் வேறு வீடே இல்லாமல் ஒற்றையாக நிற்கும் பண்ணை வீடுகள் ஏராளம். 'ஐனோடெ' என்று அவற்றைச் சொல்வார்கள். சொந்த நிலத்தின் நடுவே குடியிருக்க விரும்பிய உழவர்களின் வீடுகளே அவற்றில் பெரும்பாலானவை. ஆனால் சில வீடுகள் அப்படி விரும்பித் தனித்து நின்றவை அல்ல. ஊர் அவற்றைத் தள்ளி வைத்தது. அவை செத்த மாடுகளையும் குதிரைகளையும் அகற்றித் தோலுரிப்பவர்கள் குடியிருந்த வீடுகள்.

அவர்களை 'ஷிண்டர்' என்றும், சற்று மரியாதையாக 'வாசன்மைஸ்டர்' என்றும் அழைத்தார்கள். 'வாசன்' என்றால் புல்தரை. செத்த விலங்கைக் கொண்டுபோய் அறுக்கும் ஊர்ப்புறப் புல்வெளியை அது குறித்தது. அந்தப் புல்வெளிக்குப் பொறுப்பாளர் என்பதால் அந்தப் பெயர்.

தொழில் நடந்த விதம்

இந்தத் தொழிலை நினைத்தவர் எல்லாம் செய்துவிட முடியாது. ஆட்சியாளரிடம் உரிமை பெற்று, அதற்குப் பணமும் கட்ட வேண்டும். ஒருவருக்கு இத்தனை ஊர்கள் என்று எல்லை பிரித்துக் கொடுப்பார்கள். அந்த எல்லைக்குள் ஒரு மாடு நோயால் செத்தால், உழவர் உடனே அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தானே தோலுரித்துக்கொள்ள உழவருக்கு உரிமை கிடையாது. மீறினால் தண்டனை உண்டு.

தோல் பதனிடுபவருக்குப் போகும். கொழுப்பு சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் போகும். எலும்பும் குளம்பும்கூட வீணாவதில்லை. ஆகவே இது வருமானம் உள்ள தொழில்தான். தண்டனை நிறைவேற்றுபவர்களையும் தோலுரிப்பவர்களையும் பற்றி வரலாற்றாசிரியர் யூட்டா நோவோசாட்கோ 1994-இல் எழுதிய நூல், இவர்களின் அன்றாட வாழ்க்கையை விரிவாக ஆராய்கிறது. எல்லாரும் பஞ்சத்தில் வாடியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

மாட்டின் உடலையும் எலும்பையும் நன்கு அறிந்தவர்கள் என்பதால், பகலில் முகம் திருப்பிக்கொண்ட உழவர்கூட, மாட்டுக்கு நோய் என்றால் இவர்களிடம்தான் மருந்து கேட்டு வந்தார். தெருநாய்களைப் பிடிப்பதும், தூக்கிலிடப்பட்டவர்களைப் புதைப்பதும்கூட இவர்கள் தலையில் விழுந்த வேலைகள்.

தொட்டால் தீட்டு

பணம் இருந்தது, மரியாதைதான் இல்லை. இவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து குடித்த கைவினைஞரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடலாம். செத்த நாயைக் கையால் தொட்டதற்காகவே மானம் போனவர்கள் உண்டு. இவர்கள் வீட்டுப் பையன் தச்சு வேலையோ நெசவோ கற்க வேண்டுமென்றால் எந்தச் சங்கமும் சேர்த்துக்கொள்ளாது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இதே தொழில் செய்யும் வேறு வீட்டாரோடும், தண்டனை நிறைவேற்றுபவர்களின் குடும்பத்தோடும்தான்.

நேயர்களே, இதைக் கேட்கும்போது உங்களுக்கு வேறொரு நாட்டின் நினைவு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. ஜெர்மனியில் சாதி என்ற அமைப்பு இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு சாத்திரமும் இல்லை. ஆனாலும் செத்த மாட்டைத் தொட்டவனின் மகன், அந்த மாட்டைப் பார்க்காமலே தீட்டுக்குரியவன் ஆனான்.

சட்டம் வந்தது, ஆனால்...

1731-ஆம் ஆண்டு அன்றைய ஜெர்மானியப் பேரரசு கைவினைஞர் சங்கங்களுக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தது. இழிவாகக் கருதப்பட்ட பல தொழில்களைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளை இனி ஒதுக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் தோலுரிப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. அந்தக் குடும்பம் தொழிலை விட்டு, வேறு மதிப்புள்ள தொழிலைக் குறைந்தது 30 ஆண்டுகள் செய்திருக்க வேண்டும். அதன் பிறகே அடுத்த தலைமுறைக்குக் கதவு திறக்கும்! 1772-இல் மற்றோர் ஆணை வந்த பிறகுதான், அந்தத் தொழிலில் இறங்காத பிள்ளைகளுக்கு வழி சற்று அகலமானது.

வழி இல்லாதவன் எங்கே போவான்? யோஹான்னஸ் புயூக்லர் என்ற இளைஞன் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் இப்படிப்பட்ட ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவனும் அந்தத் தொழில் செய்த குடும்பத்தில் வந்தவன்தான். தோல்களைத் திருடிப் பிடிபட்டுக் கசையடி பட்டான். பின்பு கொள்ளைக் கூட்டத் தலைவனானான். 1803 நவம்பர் 21-இல் மைன்ஸ் நகரில் கூட்டாளிகள் 19 பேரோடு அவன் தலை துண்டிக்கப்பட்டது. அவன் செய்த குற்றங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வரலாறு அவனை என்ன பெயரில் நினைவில் வைத்திருக்கிறது தெரியுமா? 'ஷிண்டர்ஹான்னஸ்', அதாவது தோலுரிக்கும் ஹான்னஸ். கொள்ளையடித்ததற்காகத் தூக்கிய கத்தி மறந்துபோனது. தோலுரித்த கத்திதான் பெயரில் ஒட்டிக்கொண்டது.

தூரத்துக்கு ஒரு காரணம்

அந்த வீட்டைத் தூரத்தில் வைத்தது முழுவதும் மூடத்தனமா? இல்லை. இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

1876-இல் ராபர்ட் கோக் என்ற மருத்துவர், ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய கால்நடை நோய்க்குக் காரணமான கிருமியின் வாழ்க்கைச் சுற்றை விளக்கிக் காட்டினார். அந்தக் கிருமி விதை போன்ற ஒரு வடிவம் எடுத்து மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பிரான்சில் சில வயல்களைச் 'சபிக்கப்பட்ட வயல்கள்' என்று உழவர்கள் சொல்வார்கள். அங்கே மேய்ந்த ஆடுகள் செத்து விழும். நோயில் இறந்த விலங்குகளைப் புதைத்த இடங்கள் அவை. மண்புழுக்கள் அந்தக் கிருமியை மேலே கொண்டு வருகின்றன என்று 1880-இல் லூயி பாஸ்டர் விளக்கம் தந்தார்.

ஆக, அறுக்கும் இடம் ஊருக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருந்தது சரியே. மலேசியாவில் இருக்கும் நமக்கு இது புரியாதா? 1998-99-இல் நீப்பா கிருமி பரவியபோது 105 பேர் உயிரிழந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. நோயிடமிருந்து தள்ளி நிற்பது எவ்வளவு அவசியம் என்று அன்று கண்ணால் கண்டோம்.

ஜெர்மன் ஊர்கள் செய்த தவறு வேறு. குழிக்கு வைத்த தூரத்தை மனிதனுக்கும் வைத்தார்கள். வேலை முடிந்து கை கழுவிய பிறகும் வைத்தார்கள். அவன் பேரப்பிள்ளைக்கும் வைத்தார்கள். கிருமி மண்ணில் இருந்தது. பழியோ குருதியில் இருப்பதாக நினைத்தார்கள்.

இன்று அந்த வீடுகள்

1911-இலும் 1939-இலும் வந்த சட்டங்களால், இறந்த கால்நடைகளை அப்புறப்படுத்துவது முறைப்படுத்தப்பட்டது. அதிக வெப்பத்தில் பதப்படுத்தும் ஆலைகளுக்கு அந்த வேலை போய்ச் சேர்ந்தது. சின்னச் சின்னத் தோலுரிப்புக் கொட்டகைகள் மூடப்பட்டன. ஆனால் 'ஷிண்டர்' என்று தொடங்கும் வயல் பெயர்கள் இன்னமும் பல ஊர்களில் உண்டு. ஒருவரை மோசமாக நடத்துவதைக் குறிக்க, செத்த விலங்கோடு தொடர்புடைய ஒரு பழஞ்சொல்லை ஜெர்மானியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தொழில் போனாலும் சொல் போகவில்லை.

நம் பக்கம் வருவோம். இந்திய அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. 30 ஆண்டு காத்திரு என்று அது யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனங்கள் இன்னமும் காக்க வைக்கின்றன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தெருக் கூட்டவும் குப்பை அள்ளவும் நகராண்மைக் கழகங்களில் சேர்ந்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். அவர்கள் உழைப்பில் நகரம் நோயின்றி இருந்தது. அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள் இன்று படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனால் "உங்க அப்பா என்ன வேலை செய்தார்?" என்று யாராவது கேட்டால், சிலர் பதில் சொல்லத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் அவர்கள் குற்றமா? கேட்பவரின் குரலில் இருக்கும் அளவுகோலின் குற்றமா?

நேயர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுக் குப்பையை எடுக்க வருபவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பெயரைக் கேளுங்கள். தாகத்துக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்தால், வீட்டில் நீங்கள் குடிக்கும் அதே கோப்பையில் கொடுங்கள். ஊருக்கு வெளியே தள்ளி வைத்த ஒரு வீட்டை ஊருக்குள் கொண்டு வர, அவ்வளவு போதும்.