ஐந்தாம் தரத்தோடு நின்றுபோகும் சாப்பாடு
(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீவகம் போய்வந்ததைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். அரிசி, மா, எரிபொருள் எல்லாம் கடல் வழியாகத்தான் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இங்கே மண்சரிவு பாதையை மூடுகிற மாதிரிதான்.

நாங்கள் பேசியிருந்த வீட்டில் தகப்பன் கடற்றொழிலாளி. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. அப்போது பட்ட கடன் இன்னும் தீரவில்லை. இழுவைப் படகு வலையை அறுத்துவிட்டால் அந்தக் கிழமை வருமானமும் போச்சு. அரைப் பேர் வாங்கிய நமக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

சின்னவன் மூன்றாம் தரம். பாடசாலையில் சாப்பாடு கிடைக்கிறது. மூத்தவளுக்குப் பதினாலு வயது, அவளுக்குக் கிடையாது. மிகச் சிறிய பாடசாலைகள் தவிர, அரசாங்கத்தின் பாடசாலை உணவு 5ஆம் தரத்தோடு நின்றுவிடுகிறது. காலையில் வெறுந்தேத்தண்ணியோடு போகிறாள். சினேகிதிகள் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும் நேரம் குழாயடிக்குப் போய்விடுவாளாம். இரவில் மீன்துண்டு தகப்பனுக்கும் தம்பிக்கும், இவளுக்குக் குழம்பு. யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. "எனக்குப் பசிக்கேல்லை" என்று அவளே ஒதுங்குகிறாள்.

பக்கத்து நயினாதீவைத்தான் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் என்பார்கள். அம்மன் கோயிலில் அன்னதானமும் உண்டு. அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளை தினமும் கடல் தாண்ட முடியுமா?

உடம்பு வேகமாக வளர்கிற வயது இது. பெரிய பிள்ளையானவளுக்கு மாதாமாதம் இரத்தம் போகிறது, இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். மீன், முட்டை, பயறு, கீரை இல்லாமல் சோறும் மாவும் மட்டுமென்றால் வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. தலைசுற்றும், பாடம் ஏறாது, தொட்டதற்கெல்லாம் கோபமும் அழுகையும் வரும். பள்ளிக்கூடத்தில் அதைச் சோம்பல் என்கிறார்கள், வீட்டில் நாம் வயசுக்கோளாறு என்கிறோம்.

இன்னொன்று. ரொட்டியோடு சேர்த்தே தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு சரியாக எடுக்காது. கொழுந்து பறிக்கிற நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள்.

இது தீவகத்துக் கதை மட்டுமல்ல. 2022 நெருக்கடியில் உலக உணவுத் திட்டம் எடுத்த கணக்கிலும் தோட்டக் குடும்பங்களின் நிலைதான் மிக மோசமாக இருந்தது. பாடசாலை உணவை 11ஆம் தரம் வரை நீட்ட வேண்டும், தீவகத்திலும் தோட்டங்களிலும் முதலில் தொடங்க வேண்டும் என்பதே இன்றைய தீர்மானம். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வந்து போடச் சொல்லுங்கள்.