கடல் புகையை விழுங்குமா?

(ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவில் பேசியதின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் காற்றும் கடலும் எவனுக்கும் தனிச் சொத்தல்ல. அவற்றின் பேரால் ஒருவன் பணம் சம்பாதிக்கப் பார்க்கிறான் என்றால், அதைப்பற்றிக் கேள்வி கேட்க நம்மில் ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு.

விஷயம் என்னவென்றால், நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும், காடுகளை அழிப்பதாலும் மனிதன் வருஷம் ஒன்றுக்குச் சுமார் 4,000 கோடி டன் கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறான். யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காயிருந்த அந்த வாயு, 2024-ல் 420 பங்குக்கு மேல் போய்விட்டது. பூமி சூடேறி வருவதற்கு அதுதான் முக்கிய காரணம். நாம் விடும் வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் தானாகவே வாங்கிக்கொள்ளுகிறது. இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளும்படி கடலைச் செய்துவிட்டால் என்ன என்று இப்போது பலர் கேட்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் நாட்டுப் பழக்கம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. வருஷம் முழுவதும் என்ன அக்கிரமம் செய்தாலும் அமாவாசையன்று கடலில் ஒரு முழுக்குப் போட்டால் போய்விடும் என்கிறார்கள் அல்லவா? இதுவும் அந்த மாதிரி முழுக்குத்தானோ என்று நினைத்தேன். ஆனால் அப்படி நினைத்ததோடு விட்டுவிடுவது பகுத்தறிவாகாது. முழுக்குப் போட்டவன் பாவத்தை எந்தத் தராசிலும் நிறுத்துக் காட்ட முடியாது. கரியமில வாயுவையோ நிறுக்கலாம், அளக்கலாம். ஆகவே அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று விசாரிப்பதே முறை.

கடலில் கண்ணுக்குத் தெரியாத சிறு பாசிகள் கோடானுகோடி இருக்கின்றன. நிலத்துப் பயிரைப் போலவே அவையும் கரியமில வாயுவைத் தின்று வளருகின்றன. தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடலில் மற்ற உரச்சத்துகள் ஏராளமாயிருந்தும் பாசி குறைவாயிருப்பதன் காரணம் வெகுநாள் வரை தெளிவாகவில்லை. இரும்புச் சத்து இல்லாததே காரணம் என்று அமெரிக்கக் கடல் ஆராய்ச்சிக்காரர் ஜான் மார்ட்டின் சொன்னார். அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் உலகத்தைப் பனியுகமாக்கி விடுவேன் என்றுகூட 1988-ல் வேடிக்கையாகப் பேசினார். அவர் 1993-ல் காலமானார். அதே வருஷம் அவருடைய கூட்டாளிகள் பசிபிக் கடலில் காலபகோஸ் தீவுகளுக்கு அருகில் இரும்பைக் கரைத்து விட்டுப் பார்த்தார்கள். பாசி வளரத்தான் செய்தது.

உடனே சிலர், தீர்ந்தது கவலை, இரும்பைக் கொட்டு, பாசி வளரும், புகை போய்விடும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். தோழர்களே! நீங்கள் விவசாயிகள். பயிர் பச்சைப்பசேலென்று இருப்பதைப் பார்த்து எவனாவது குத்தகை நெல்லை வசூலித்துக்கொண்டதாகக் கணக்கு எழுதுவானா? அறுத்து, அடித்து, களத்தில் மரக்காலால் அளந்த பிறகுதானே விளைச்சல் இவ்வளவு என்கிறோம்? கடலுக்கும் அதே கணக்குத்தான். பாசி மேலே பச்சையாயிருப்பது விளைச்சலல்ல. அதை ஜந்துக்கள் தின்று மூச்சுவிட்டால் அந்த வாயு மறுபடியும் மேல்தண்ணீருக்கும் காற்றுக்கும் வந்துவிடும். பாசி செத்து ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால்தான் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே அடைபட்டுக் கிடக்கும். ஆகவே எவ்வளவு வளர்ந்தது என்பதோடு நில்லாமல், எவ்வளவு மூழ்கிற்று என்றும் கேட்கவேண்டும்.

இதை இரண்டு பரீட்சைகள் நன்றாகக் காட்டின. 2004-ல் ஜெர்மானியரின் போலார்ஸ்டெர்ன் என்ற கப்பல் தென்கடலுக்குப் போய், ஒரு நீர்ச்சுழலுக்குள் இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டது. அங்கே டயாட்டம் என்னும் பாசி பெருகிற்று. அது கண்ணாடிக்கு மூலமான சிலிகாவினால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளுவது. அந்த ஓட்டினால் அதைத் தின்பதும் சுலபமல்ல. செத்தால் மூழ்குவதும் வேகம். அந்தப் பாசியில் பாதிக்குக் குறையாமல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போயிற்று என்று 2012-ல் வெளியிட்டார்கள்.

இரண்டாவது பரீட்சையில் நம் நாட்டாருக்கும் பங்குண்டு. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும், ஜெர்மனியின் ஆல்பிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 2009-ல் அதே கப்பலை அனுப்பின. இந்தியாவின் வாஜிஹ் நக்வியும் ஜெர்மன் நிறுவனத்தின் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை வகித்தார்கள். பரீட்சைக்கு லோஹாபெக்ஸ் என்று பெயர். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. கப்பல் புறப்பட்டதும் பெரிய கூச்சல் எழுந்தது. கடலைக் கெடுக்கிறார்கள், சர்வதேச ஒப்பந்தத்தை மீறுகிறார்கள் என்று சொல்லப்பட்டது. ஜெர்மன் சர்க்கார் சில நாள் வேலையை நிறுத்திவைத்து, வெளியார் அபிப்பிராயங்களை வாங்கிப் பார்த்த பிறகு ஜனவரிக் கடைசியில் அனுமதித்தது.

எச்சரிக்கை செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோதித்தே பார்க்கக்கூடாது என்பதும், சோதிக்காமலே நம்பு என்பதும் ஒரே ஜாதிப் பேச்சுத்தான் என்பது என் அபிப்பிராயம்.

முடிவு என்னவாயிற்று? 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைக் கரைத்தார்கள். இரண்டு வாரத்தில் பாசி ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதற்கு மேல் வளரவில்லை. கோப்பிபாடு என்னும் சிறு இறால் போன்ற ஜந்துக்கள் அதைத் தின்று தீர்த்தன. அந்த ஜந்துக்களை அவற்றினும் பெரிய ஜந்துக்கள் தின்றன. ஆழத்துக்குப் போனதோ மிகச் சொற்பம். காரணம், அந்தப் பகுதியில் சிலிகா முன்னமே செலவாகிப் போயிருந்தபடியால் டயாட்டம் வளர வழியில்லை. ஒரு உரம் குறைந்த வயலில் வேறொரு உரத்தைக் கொட்டினதுபோல் ஆயிற்று.

இதைத் தோல்வி என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கோடிக்கணக்கில் செலவு செய்து, உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், நாங்கள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, காரணம் இன்னது என்று பகிரங்கமாக வெளியிட்டார்களே, அதுதான் அறிவு முறைக்கு அடையாளம். எந்த ஜோசியனாவது, எந்த மந்திரவாதியாவது தன் பரிகாரம் பலிக்கவில்லை என்று தானே அச்சடித்துக் கொடுத்ததுண்டா என்று கேட்கிறேன்.

இதற்கு மாறாக நடந்ததையும் கேளுங்கள். கானடாவின் மேற்குக் கரையில் ஹைடா க்வாய் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே பழங்குடி மக்கள் வசிக்கும் ஓல்டு மாசெட் என்ற கிராமத்தாரிடம், இரும்பைப் போட்டால் சால்மன் மீன் பெருகும், புகையைக் குறைத்ததாகச் சீட்டு விற்றும் பணம் வரும் என்று ஆசை காட்டப்பட்டது. கிராமத்தார் ஓட்டெடுத்து, சுமார் 25 லட்சம் டாலர் பணம் போட்டார்கள். 2012-ல் ஏறக்குறைய 100 டன் இரும்பு சல்பேட் கடலில் கொட்டப்பட்டது. கடல் பச்சையானது வானத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் எவ்வளவு கரி ஆழத்துக்குப் போயிற்று என்று உலகம் ஒப்பும்படி எவரும் நிரூபிக்கவில்லை. எதிர்பார்த்த சீட்டு வருமானமும் வரவில்லை. மறுவருஷம் அலாஸ்காவில் சால்மன் மிகுதியாகப் பிடிபட்டதும், எல்லாம் இரும்பின் மகிமை என்றார்கள் சிலர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்! ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததினாலேயே ஒன்றினால் ஒன்று நடந்ததாக ஆகிவிடுமா?

ஏமாந்த கிராமத்தாரைக் கண்டு நான் சிரிக்கவில்லை. மீன் குறைந்து வயிறு காய்ந்தவன் எதையும் நம்பத்தான் செய்வான். அவனுடைய கஷ்டத்தை மூலதனமாக வைத்து வியாபாரம் செய்வதுதான் கண்டிக்கத்தக்கது. லாபத்துக்காகக் கடலுக்கு இப்படி உரமிடுவது கூடாது என்று லண்டன் உடன்படிக்கை நாடுகள் 2013-ல் தீர்மானம் செய்ததும் இந்தமாதிரி காரியங்களைக் கண்டுதான்.

இரும்பு ஒன்றுதான் வழி என்பதில்லை. சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்களைக் கடலில் கரைப்பது, கடற்பாசியை வளர்த்து ஆழத்தில் அமிழ்த்துவது என்று வேறு யோசனைகளும் பரீட்சையில் இருக்கின்றன. அவற்றில் எது பலித்தாலும் நமக்குச் சந்தோஷமே. ஆனால் எந்த யோசனையோடு எவர் வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். காற்றிலிருந்து குறைந்தது எவ்வளவு, அளந்தவன் யார்? விற்கிறவனே அளந்தானா, வேறொருவன் அளந்தானா? எத்தனை காலம் அது திரும்பி வராமல் இருக்கும்? அதனால் கடலுக்கும் கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்கும் வரும் கெடுதல் என்ன?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. சீட்டு வாங்கின முதலாளி தன் புகைபோக்கியை மூடினானா, அல்லது அந்தச் சீட்டைக் காட்டி இன்னொரு புகைபோக்கி கட்டினானா? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவன் முதலில் ஓட்டையை அடைக்கவேண்டும். புகையைக் குறைக்காமல் கடலைக் கழுவச் சொல்லுவது, அக்கிரமத்தை விடாமல் அமாவாசை முழுக்குப் போடுவதற்குச் சமானமேயாகும்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காகவும் இதை நம்பவேண்டாம். நீங்களே படித்து, விசாரித்து, சரியென்று பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.