அம்மிக்கல்லை யாரும் புதைக்கவில்லை

(தலைப்பு: மெக்ஸிகோவை இன்றும் மெக்ஸிகோவாக வைத்திருப்பது போர்க்களமா? அடுப்படியா? 'அடுப்படியே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி இந்த மேடையையே போர்க்களமாக்கிட்டுப் போயிட்டார். குதிரை ஓடுச்சு, பீரங்கி வெடிச்சுது. முன்வரிசையில ஒரு அம்மா தூங்குற பிள்ளையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டாங்க. (சிரிப்பு) நல்ல பேச்சுதான். ஆனால் கடைசியில என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "தோத்துப் போனவங்களுக்கு மிஞ்சுறதுதான் அக்கா சமையல்" என்றார். அதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த மைக்கை விடப் போறதில்லை.

தம்பி சொன்னதில் ஒரு பாதி உண்மை. 1519இல் கோர்த்தேஸ் என்ற ஸ்பானியர் ஏறக்குறைய 500 வீரர்களோடு மெக்ஸிகோ கரையில இறங்கினார். அஸ்டெக் மக்களின் தலைநகரம் தெனோச்தித்லான், ஏரிக்கு நடுவில மிதக்கிற மாதிரி இருந்த ஊர். 1521 ஆகஸ்ட் 13ஆம் தேதி அது விழுந்தது. ஸ்பானியர் மட்டும் ஜெயிக்கலை. அஸ்டெக்குகளைப் பிடிக்காத த்லாஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில கூட நின்னாங்க, அம்மை நோயும் கூட நின்னுச்சு. எப்படியோ, ஊர் போச்சு. பெரிய கோயிலை இடிச்சு, அந்தக் கல்லை வெச்சே புது ஊர் கட்டினாங்க.

அந்தக் கோயில் என்ன ஆச்சு? 1978இல் மெக்ஸிகோ நகரத்து நடுத்தெருவில மின்சாரத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டினபோது, மூணு மீட்டருக்கு மேல அகலமான ஒரு வட்டக்கல் தட்டுப்பட்டது. கொயொல்சாவ்கி என்ற பெண் தெய்வத்தைச் செதுக்கின கல். அதுக்கப்புறம்தான் கோயிலை முழுசாத் தோண்டி எடுத்தாங்க. அரசனுடைய பெருமை 457 வருஷம் ரோட்டுக்கு அடியில கிடந்தது ஐயா.

ஆனா அதே ஊர்ல இன்னொரு கல் இருந்தது. மெத்தாத்தே என்று பேர். நம்ம அம்மி மாதிரி, ஆனா மூணு கால் வெச்சுச் சாய்வா இருக்கும். பெண்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, குழவியை முன்னும் பின்னும் தள்ளி மக்காச்சோளத்தை அரைப்பாங்க. அரசன் விழுந்த வருஷமும் அந்தக் கல் அரைச்சது. அடுத்த வருஷமும் அரைச்சது. அதை யாரும் புதைக்கலை. புதைச்சா மறுநாள் காலையில ஜெயிச்சவனுக்கே சோறு கிடையாது! (கைதட்டல்)

இது வேடிக்கைக்குச் சொல்லலை. 1519இல் தபாஸ்கோ பகுதி மாயத் தலைவர்கள் ஒரு சண்டையில தோத்து, கோர்த்தேசுக்கு 20 பெண்களைக் கொடுத்தாங்க. எதுக்கு? சோளம் அரைச்சு ரொட்டி சுட்டுப் போட ஆள் வேணுமே, அதுக்கு. அந்த இருபது பேர்ல ஒருத்திதான் மலிஞ்சே. அவளுக்கு மாய மொழியும் தெரியும், அஸ்டெக்குகள் பேசின நாவாத்தல் மொழியும் தெரியும். கோர்த்தேசுக்கு வாயும் காதும் அவள்தான். இன்னிக்கும் அந்த நாட்டில் அவளைத் துரோகி என்பாரும் உண்டு, தாய் என்பாரும் உண்டு. அடிமையாக் கை மாத்திக் கொடுக்கப்பட்ட ஒரு சின்னப் பெண்ணுகிட்ட தேசபக்தியை எதிர்பார்க்கிறது நியாயமான்னு எனக்குத் தெரியலை. அது வேற பட்டிமன்றம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மக்காச்சோளம் உலகத்துக்கு மெக்ஸிகோ கொடுத்த கொடை. ஏறக்குறைய 9,000 ஆண்டுக்கு முன்னால ஒரு காட்டுப் புல்லிலிருந்து அங்கத்து மக்கள் உருவாக்கின தானியம். ஸ்பானியர் அதைக் கப்பல்ல ஏத்தி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க. விளைஞ்சது, மலிவு, ஏழைகள் சாப்பிட்டாங்க. கொஞ்ச காலத்தில ஒரு நோய் வந்தது. தோல் சிவந்து உரியும், வயிறு கெடும், புத்தி கலங்கும், கடைசியில சாவு. 1735இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் கசால் அதை முதன்முதலா எழுதி வெச்சார். இத்தாலிக்காரங்க பெலாக்ரா என்றார்கள். சொரசொரத்த தோல் என்று அர்த்தம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மட்டும் 1906க்கும் 1940க்கும் நடுவில் ஏறத்தாழ 30 லட்சம் பேரை அந்த நோய் பிடிச்சது, ஒரு லட்சம் பேர் செத்தாங்க என்று கணக்கு. தொத்து நோய் என்று நினைச்சாங்க. இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று நிரூபிக்க ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர், நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கிட்டார். 1937இல்தான் குறைவது நியாசின் என்ற சத்து என்று கண்டுபிடிச்சாங்க.

அதே சோளத்தை ஆயிரக்கணக்கான வருஷமாத் தின்ன மெக்ஸிகோ ஏழைக்கு ஏன் அந்த நோய் வரலை? அவன் பீன்ஸும் சேர்த்துச் சாப்பிட்டான், அது ஒரு காரணம். பெரிய காரணம், அவன் வீட்டுப் பெண் சோளத்தை அப்படியே அரைக்க மாட்டாள். சுண்ணாம்புத் தண்ணியில வேகவைச்சு, ராத்திரி பூரா ஊறவைச்சு, காலையில கழுவித் தோலை நீக்கித்தான் அரைப்பாள். நிக்ஸ்தமால் என்று அதுக்குப் பேர். சுண்ணாம்பு பட்டால்தான் சோளத்துக்குள்ள பூட்டிக் கிடக்கிற நியாசின் உடம்புக்குக் கிடைக்கும். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு சேர்ந்து வரும். இல்லாட்டி ரொட்டி தட்டவே வராது, உதிரும். நாம வெத்திலைக்குத் தடவுற சுண்ணாம்பு ஐயா!

கப்பல்காரன் சோளத்தைக் கொண்டு போனான். "இதை எப்படிம்மா ஆக்கணும்?" என்று அடுப்படியில ஒரு வார்த்தை கேட்கலை. (நீண்ட கைதட்டல்) டாக்டர் பேரு நமக்குத் தெரியுது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியே சுண்ணாம்பு போட்டுப் பார்த்தவ பேரு எந்தக் கல்வெட்டுல இருக்கு, தம்பி?

அந்த அடுப்படியை அவமானப்படுத்தினவங்களும் உண்டு. 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்ஸிகோ அரசியல்வாதி ஒரு புத்தகம் எழுதினார். மனித குலத்தைக் கோதுமைக்காரன், அரிசிக்காரன், சோளக்காரன் என்று மூணாப் பிரிச்சு, கோதுமை தின்கிறவன்தான் முன்னேறுவான் என்றார். சோளம் தின்கிற பழங்குடி உருப்படாது என்றார். அரிசிக்காரங்களும் தேறலை, நடுவர் அவர்களே. நீங்களும் நானும் மத்தியானமே மாட்டிக்கிட்டோம்! (சிரிப்பு)

அடுத்த பதினோராவது வருஷம், 1910இல், உருப்படாதுன்னு சொன்ன அந்தச் சோளக்காரன்தான் புரட்சி பண்ணினான். மொரெலோஸ் மாநிலத்தில் கரும்புப் பண்ணை முதலாளிகள் கிராமத்து நிலத்தையும் தண்ணியையும் விழுங்கினதுக்கு எதிராத்தான் எமிலியானோ ஸபாட்டா துப்பாக்கி எடுத்தார். அவர் கேட்டது கிராமத்துக்காரன் சோளம் விதைக்கிற நிலம்.

சரி, அந்தப் புரட்சிப் படைக்குச் சாப்பாடு போட்டது யார்? ராணுவத்துக்குச் சமையல் பிரிவெல்லாம் கிடையாது. சொல்தாதேரா என்று பேர் வாங்கின பெண்கள், அம்மிக்கல்லும் சட்டியும் பிள்ளையுமாப் படையோட போனாங்க. ரயில் பெட்டிக்குள்ள குதிரைங்க, கூரை மேல பெண்கள். போட்டோ இருக்கு, பாருங்க. அதுல சில பேர் துப்பாக்கியும் பிடிச்சாங்க. தம்பியோட போர்க்களம் ஒருநாள் கூட என்னோட அடுப்படி இல்லாம நடக்கலை.

நடுவர் அவர்களே, இங்கே ஒண்ணை மறைச்சுட்டுப் போனா நான் பொய் சொன்னதாகும். இந்த அடுப்படியைப் புகழ்றது சுலபம், அதுல முட்டி போடுறது கஷ்டம். ஒரு குடும்பத்துக்கு மாவு அரைக்க மெத்தாத்தே முன்னால தினம் நாலு மணி, அஞ்சு மணி நேரம். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். எங்கம்மா ஆட்டுக்கல்லு முன்னால உட்கார்ந்து எழுந்திரிக்கும்போது தரையில கை ஊன்றி ஒரு நிமிஷம் அப்படியே இருப்பாங்க. "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்லை, இடுப்பு வரட்டும்" என்பாங்க. மெக்ஸிகோ அம்மாவைப் பத்திப் படிச்சப்ப எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

1920களில் அதே மொரெலோஸ் மாநிலத்தில் தெபோஸ்த்லான் என்ற ஊருக்கு மாவு மில் வந்தது. ஆண்கள் எதிர்த்தாங்க! மில்லு மாவு ருசியா இருக்காதாம். பொம்பளைங்க கையில நேரம் இருந்தா கெட்டுப் போயிடுவாங்களாம். நிலத்துக்காக ரத்தம் சிந்தின மாநிலம் ஐயா அது. முதல் மில்லை மூடவும் வெச்சாங்க. ஆனா பெண்கள் விடலை. அடுத்து வந்த மில்லு நிலைச்சது. தம்பி, அதுவும் ஒரு போர்க்களம்தான். உங்க கணக்குல வரலையே, ஏன்? (கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு, நடுவர் அவர்களே.

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்ஸிகோவில் இறந்தவர்கள் நாள். பழங்குடி வழக்கமும் கத்தோலிக்க வழக்கமும் ஒண்ணாக் கலந்தது. செத்துப் போனவங்க வீட்டுக்கு வர்றாங்க என்று நம்பிக்கை. படத்தை வெச்சு, மெழுகுவத்தி ஏத்தி, தண்ணி வெச்சு, அவங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைப்பாங்க. வழி தெரிய வாசலிலிருந்து ஆரஞ்சு நிறப் பூவைத் தூவுவாங்க. அந்தப் பூவுக்கு நாவாத்தல் வழிவந்த பேர் செம்பசூச்சில். உடனே தமிழ்ப் பேர் மாதிரி இருக்கேன்னு யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்பிடாதீங்க. அவங்க மொழியில இருபது பூ என்று அர்த்தம். (சிரிப்பு) ஆனா பூ நமக்குத் தெரிஞ்ச பூதான். ஆயுத பூஜைக்கு லாரியில மாலை போடுறோமே, அந்தக் கேந்திப் பூ. அதன் பூர்வீகம் மெக்ஸிகோ. போர்ச்சுகீசியர் கப்பல்ல இங்கே வந்தது. நம்ம குழம்புல கிடக்கிற மிளகாயும் அந்த மண்ணுதான். சப்போட்டான்னு சொல்றோமே, அது த்சாபோத்ல் என்ற நாவாத்தல் சொல்லு. அந்த மொழியை இன்னிக்கும் பதினாறு லட்சம் பேருக்கு மேல வீட்டில பேசுறாங்க.

ரொட்டி விலை ஏறினப்ப, 2007 ஜனவரியில அந்த நாட்டுத் தலைநகரத்தில ஆயிரக்கணக்கானவங்க ஊர்வலம் போனாங்க. அமெரிக்காவிலிருந்து மெக்ஸிகோ இன்னமும் நிறையச் சோளம் வாங்குது, பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கு. தம்பி அதைச் சொல்லி மடக்குவார், அதனால நானே சொல்லிடுறேன். ஆனா 2025 மார்ச்சில அவங்க அரசியல் சட்டத்தையே திருத்தினாங்க. நாட்டுச் சோளம் தேசிய அடையாளத்தின் ஒரு கூறு, மரபணு மாற்றின சோளத்தை எங்க மண்ணுல விதைக்கக் கூடாது என்று எழுதினாங்க. வாளைப் பத்தி இல்லை தம்பி, சோளத்தைப் பத்தி.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. தீர்ப்பை நடுவர் கையில விட்டுட்டு உட்கார்றேன்.