கற்றல் குறைபாடும் நம் பிள்ளைகளும்



பள்ளிப் பிள்ளைகள் 100 பேரில் 5 முதல் 15 பேருக்குக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. 40 பேர் அமர்ந்த தொடக்கப்பள்ளி வகுப்பில் இருவர் முதல் அறுவர் வரை! அப்பிள்ளை வாயால் விடை சொல்வான். எழுதும்போது எழுத்துகள் இடம் மாறும். எச்சாதியிலும் உள்ள குறைதான் இது. வசதி படைத்தோர் இல்லத்தில் மருத்துவரை நாடுகிறார்கள். நம் சேரிப் பிள்ளைக்கோ 'படிப்பு ஏறாத குலம்' என்னும் பழிச்சொல்லே கிட்டுகிறது, பின்னர் சூளை வேலை.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இடம்பெறாத இக்குறை, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சேர்ந்தது. சான்றிதழ் பெற்றோர்க்குத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே! மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையைக் கவனியுங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். பசியா என்றும் கேளுங்கள். பிறகும் திணறினால், பெற்றோருடன் அரசு மருத்துவமனைக்கு நீங்களே துணை செல்லுங்கள்.