குற்றஞ்சாட்டப்பட்டோரும் நமது கடமையும்



திருட்டுக் குற்றத்தைத் தீர விசாரியாமற் கோவலனைக் கொன்ற பழியால் இம்மதுரை எரிந்த கதையை யாவரும் அறிவோம். இன்றோ, பலாத்காரக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வக்கீலே கூடாதென்பார் உளர். கைதான எவர்க்கும் அவ்வுரிமையை அரசியற்சட்டத்தின் 22-வது பிரிவு அளிக்கிறது. போலீசாருக்காக எவரும் ஆஜராகலாகாதென்று கோயமுத்தூர் வக்கீல் சங்கத்தார் செய்த தீர்மானத்தையொட்டி, இத்தகைய தீர்மானங்கள் செல்லாவென்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும், வக்கீலை அமர்த்துவது வேறு. ஜாதியபிமானத்தால் வழக்கை அமுக்குவது வேறு. பலாத்கார வழக்கில் ராஜியைக் காட்டித் தண்டனையைக் குறைத்தலாகாதென்று 2013-ல் அந்நீதிமன்றமே உரைத்தது. ஆகவே, நம்மவருள் ஏழையொருவன் இவ்வழக்கிற் சிக்கினால், மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு வழிகாட்டுவோமாக. ஊர்க்கூட்டங் கூட்டி அப்பெண்ணின் வாயை அடைக்க முற்படோமாக. தீர்ப்பு நீதிமன்றத்திற்கே உரியது.