ஓலோஃப் பால்மேயும் உடைமை பற்றிய கேள்வியும்

(அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



1968 பிப்ரவரி 21 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் வியட்நாம் போரை எதிர்த்துத் தீவட்டி ஊர்வலம் ஒன்று நடைபெற்றது. மாஸ்கோவில் பணியாற்றிய வடவியட்நாம் தூதரின் அருகே ஸ்வீடன் நாட்டுக் கல்வி அமைச்சர் ஓலோஃப் பால்மே நடந்து சென்றார். வாஷிங்டன் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1972 டிசம்பரில் ஹானோய் மீது அமெரிக்க விமானங்கள் குண்டுமழை பொழிந்தபோது, பிரதமராகியிருந்த அதே பால்மே அச்செயலைக் குவெர்னிக்கா, ஷார்ப்வில், ட்ரெப்ளிங்கா முதலிய கொடுமைகளின் வரிசையில் வைத்துக் கண்டித்தார். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக ஸ்வீடனின் புதிய தூதரை ஏற்க அமெரிக்கா மறுத்துவந்தது.

உலகம் அறிந்த பால்மே இவர்தான். அவரைப் போற்றுவதில் கம்யூனிஸ்டுகளுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் சொந்த நாட்டில் மூலதனத்தின் உடைமையைத் தொட வேண்டிய கட்டம் வந்தபோது அவரும் அவரது கட்சியும் எப்படி நடந்துகொண்டனர் என்பது தனியே ஆராயத்தக்கது.

செல்வக் குடும்பம் ஒன்றில் 1927இல் பிறந்த பால்மே, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தவர். 1953இல் பிரதமர் தாகே எர்லாண்டரின் செயலாளராகச் சேர்ந்தார். எர்லாண்டர் 23 ஆண்டுகள் இடைவிடாமல் பிரதமராக இருந்தவர். அவரது வாரிசாக 1969 அக்டோபரில் பால்மே அப்பொறுப்பை ஏற்றார்.

இரண்டே மாதங்களில் சோதனை வந்தது. வடக்குக் கோடியில் கிருனா வட்டாரத்து இரும்புச் சுரங்கங்களில் ஏறத்தாழ 5,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சுரங்கம் அரசுக்குச் சொந்தம். அரசை நடத்துவது தொழிலாளர் கட்சி. அப்படியிருந்தும் துண்டு வேலைக் கூலியை ஒழித்து மாதச் சம்பளம் தர வேண்டும் என்றும், மேலதிகாரிகளின் கெடுபிடி ஒழிய வேண்டும் என்றும் கேட்டு, தங்கள் சங்கத் தலைமையின் ஒப்புதல் இன்றியே அவர்கள் போராட நேர்ந்தது. உறைபனிக் குளிரில் அப்போராட்டம் ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது. வேலைப் பாதுகாப்புச் சட்டம், நிர்வாகத்தோடு கலந்து முடிவெடுக்கும் உரிமைச் சட்டம் என எழுபதுகளில் பால்மே அரசு கொண்டுவந்த நல்ல சட்டங்களுக்குப் பின்னால் கிருனாவின் அதிர்ச்சி இருந்தது.

1973 தேர்தலில் சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 175 இடங்கள், வலதுசாரி அணி 175 இடங்கள். வாக்குகள் சமமானபோது சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள்! கம்யூனிஸ்டுகளின் துணையால் அரசு நிலைத்தது. ஆனால் அதே ஆண்டில்தான், அரசின் இரகசிய உளவு அமைப்பு ஒன்று கம்யூனிஸ்டுகளையும் பிற இடதுசாரிகளையும் வேவு பார்த்துவந்தது அம்பலமாயிற்று. அம்பலப்படுத்திய பத்திரிகையாளர்களுக்குச் சிறைவாசம் கிடைத்தது.

இனி மையமான செய்திக்கு வரலாம். எந்த ஆலையாயினும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது ஸ்வீடன் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் நெடுநாள் கொள்கை. இதனால் நலிந்த ஆலைகள் மூடப்பட்டன. கொழுத்த ஆலைகளிலோ, மேலும் கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய ஊதியத்தைத் தொழிலாளர்கள் விட்டுக்கொடுத்தனர். விட்டுக்கொடுத்த அந்தத் தொகை முதலாளியின் கூடுதல் லாபமாகத் தங்கியது. ஒற்றுமைக்காகத் தொழிலாளி செய்த தியாகம் வாலன்பர்க் போன்ற பெருங்குடும்பங்களின் செல்வத்தைப் பெருக்கியது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க வழி காணும் பணி ருடோல்ஃப் மெய்ட்னரிடம் தரப்பட்டது. அவர் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பொருளாதார அறிஞர்.

மெய்ட்னர் சொன்ன வழி எளியது. பெரிய நிறுவனங்கள் ஆண்டு லாபத்தில் 20 விழுக்காட்டிற்கு ஈடான புதிய பங்குகளை வெளியிட்டு, தொழிற்சங்கங்கள் நிர்வகிக்கும் நிதிக்கு வழங்க வேண்டும். பணம் ஆலையை விட்டு வெளியேறாது. உடைமை மட்டும் கைமாறும். லாபம் அதிகமானால் மாற்றமும் விரைவாகும். சில பத்தாண்டுகளில் பெரும்பான்மைப் பங்கு உழைப்பவர் கைக்கு வந்துவிடும். 1976இல் கூட்டமைப்பின் மாநாடு இதனை ஏற்றது. பிரதிநிதிகள் எழுந்து நின்று சர்வதேச கீதம் பாடினார்கள்.

கட்சித் தலைமைக்கோ இது தலைவலியாகப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் முதலாளிகள் இத்திட்டத்தைப் பூச்சாண்டியாகக் காட்டினர். அணுமின் பிரச்சினையும் சேர்ந்துகொள்ள, 44 ஆண்டு ஆட்சி முடிவுக்கு வந்தது. 1982இல் பால்மே மீண்டும் வென்றபோது திட்டம் உருமாறிப் போயிருந்தது. 1983 அக்டோபர் 4 அன்று முதலாளிகளும் மேலாளர்களுமாக ஏறத்தாழ 75,000 பேர் ஸ்டாக்ஹோம் வீதிகளில் ஊர்வலம் சென்றார்கள். முதலாளி வர்க்கம் முழக்க அட்டை ஏந்தி வீதிக்கு வருவது அரிது. எதை இழக்க அஞ்சியது என்பதை அது நன்றாகவே அறிந்திருந்தது. தொழிலாளர் தரப்பிலோ அதற்கு ஈடான திரட்டல் நடக்கவில்லை; கட்சி அவர்களை வீதிக்கு அழைக்கவும் இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஐந்து வட்டார நிதிகளை மட்டுமே உருவாக்கியது. கட்டாயப் பங்கு வழங்கல் கைவிடப்பட்டது. நிதிகள் சந்தையில் பங்கு வாங்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தில் 8 விழுக்காட்டு வாக்குரிமைக்கு மேல் பெறக்கூடாது என்று வரம்பிடப்பட்டது. விவாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே நிதியமைச்சர் ஃபெல்ட் அவையில் அமர்ந்து இந்நிதிகளைப் பழித்துக் கவிதை கிறுக்கினார்; அதைப் புகைப்படக்காரர் ஒருவர் படம் பிடித்துவிட்டார். தான் ஆதரித்து வாக்களிக்கும் சட்டத்தை அமைச்சரே நம்பவில்லை.

வெளியுலகில் பால்மேயின் குரல் தணியவில்லை. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் அணு ஆயுத எதிர்ப்பு முயற்சியில் பங்கேற்று, 1985 ஜனவரியில் தில்லிப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதே காலத்தில் ஸ்வீடன் நிறுவனமான போஃபர்ஸின் பீரங்கிகளை இந்தியாவுக்கு விற்கவும் அவரது அரசு முனைந்து நின்றது. ஆயுத ஆலைகளின் வேலைவாய்ப்பு என்ற வாதம் அங்கே எப்போதும் தயாராக இருந்தது. 1986 பிப்ரவரி 21 அன்று ஸ்டாக்ஹோமில் நடந்த நிறவெறி எதிர்ப்பு மாநாட்டில் ஆலிவர் தாம்போவும் கலந்துகொள்ள, பால்மே உரையாற்றினார். ஒரு வாரம் கழித்து, மனைவியோடு திரைப்படம் பார்த்துவிட்டு, மெய்க்காவலர் எவருமின்றி நடந்து வந்தவரை நடுவீதியில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், மார்ச் 24 அன்று, பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் லஞ்சக் கதை இந்திய மக்கள் அறிந்ததே.

தொழிலாளர் நிதிகளை 1991இல் பதவிக்கு வந்த வலதுசாரி அரசு கலைத்தது. அப்போது அவற்றைக் காக்க ஓர் ஆலையிலும் வேலைநிறுத்தம் நடக்கவில்லை.