யாருடைய ஸ்பானிஷ்?

இலக்கியக் கூட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பானிஷ் வானொலிகளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புலம்பெயர்ந்தவர்களுக்குள்ளேயே யாருடைய மொழி ஒலிபரப்பாகிறது, யாருடையது வீட்டுக்குள் கிடக்கிறது என்பதுதான் நான் பேச வந்தது. அதை இந்த ஊர் அளவுக்கு வெளிப்படையாகக் காட்டும் இடம் குறைவு.

அமெரிக்க வணிக வானொலியில் 'ஃபார்மட்' என்று ஒரு சொல் உண்டு. எந்த வகைப் பாட்டு, எப்படிப்பட்ட பேச்சு, யாரைக் குறிவைத்து விளம்பரம் என்ற மொத்த ஏற்பாடும் அதில் அடங்கும். நேயர் எண்ணிக்கை குறைந்தால் உரிமையாளர் அதை ஒரே இரவில் மாற்றிவிடலாம். காலையில் காரில் ஏறி வானொலியைப் போட்டால் அதே எண்ணில் வேறு நிலையம் பாடும். பழைய அறிவிப்பாளர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆரம்பத்தில் மாற்றுவதற்கு நிலையமே இல்லை. ஆங்கில நிலையங்களில் யாரும் விரும்பாத விடிகாலை நேரத்தை ஸ்பானிஷ்காரர்கள் வாங்கினார்கள். வாரத்தில் ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ் நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு இது புரியும். 1930களின் தொடக்கத்தில் பெட்ரோ கோன்சாலெஸ் அப்படித்தான், வேலைக்குக் கிளம்பும் மெக்சிகோத் தொழிலாளர்களுக்காகப் பாடினார். அவர் குழுவின் பெயருக்கே 'விடியலில் எழுபவர்கள்' என்று பொருள். மெக்சிகர்களைக் கூட்டம் கூட்டமாக நாடுகடத்துவதை அவர் எதிர்த்துப் பேசினார். 1934இல் கைதானார். புகார் சொன்ன பெண்ணே பின்னர் அதை மறுத்தும், 1940இல் அவரையும் நாடுகடத்தினார்கள்.

இப்போது 1992க்கு வருகிறேன். 97.9 எஃப்எம் அதுவரை மென்மையான காதல் பாட்டு போட்டுக்கொண்டிருந்த நிலையம். எந்த நாட்டுக்காரருக்கும் உறுத்தாத, பொதுவான ஸ்பானிஷ். அந்த ஆகஸ்டில் அது கேஎல்ஏஎக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பாண்டாவும் ரஞ்சேராவும் போட ஆரம்பித்தது. பாண்டா என்பது ஊதுகுழல்களும் பெரிய மேளமும் அதிரும் மேற்கு மெக்சிகோ ஊர்த்திருவிழா இசை. படித்த ஸ்பானிஷ்காரர்கள் பட்டிக்காட்டுச் சத்தம் என்று முகம் சுளித்த இசை. சில மாதங்களில் நகரத்தின் முதலிடம் அதற்குக் கிடைத்தது. ஸ்பானிஷ் நிலையங்களில் மட்டுமல்ல, ஹோவர்ட் ஸ்டெர்ன் பேசிக்கொண்டிருந்த ஆங்கில வானொலி உட்பட எல்லாவற்றிலும்!

ஊருக்கே ஆச்சரியம். ஓட்டல்களில் பாத்திரம் கழுவியவர்களும் தோட்டவேலை செய்தவர்களும் புதிதாக வந்து இறங்கிவிடவில்லை. அங்கேயேதான் இருந்தார்கள். அவர்களுடைய பாட்டைப் பெரிய எஃப்எம் நிலையம் போடவில்லை, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் கௌபாய் தொப்பியும் பூட்ஸும் அணிந்து கேப்ரடீட்டா ஆடினார்கள். அப்பாவின் ஊர்ப்பாட்டு வெட்கப்படும் விஷயமாக இல்லாமல் போனது. இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. நிலையம் இதை நீதிக்காகச் செய்யவில்லை, விளம்பரதாரருக்காகச் செய்தது. அந்த மக்களை வாடிக்கையாளர் என்று மதித்த ஊரில், இரண்டே ஆண்டில், ஆவணமில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்கும் 187ஆம் முன்மொழிவை மாநிலம் வாக்களித்து நிறைவேற்றியது. நல்லவேளை, நீதிமன்றம் தடுத்தது.

அந்தப் பாட்டோடு வளர்ந்த காலை நிகழ்ச்சிகள்தான் 2006இல் வேலை செய்தன. பியோலின் என்ற எட்வர்டோ சொடேலோ கார் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டி வந்தவர். எல் குகுயி ஹோண்டுராஸ்காரர். போட்டி நிலையங்களில் இருந்த இவர்கள் சேர்ந்து, வெள்ளைச் சட்டை போடுங்கள், அமெரிக்கக் கொடி எடுத்து வாருங்கள் என்றார்கள். மார்ச் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் 5 லட்சம் பேர் என்றது போலீஸ் கணக்கு.

அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. 96.3 எஃப்எம் ரெகேட்டானுக்குத் தாவியது. கரீபியன் பக்கத்து இசை, மெக்சிகோவோடு ஒட்டே இல்லை. அறிவிப்பாளர்கள் ஒரே வாக்கியத்தில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்தார்கள். பெரியவர்கள் மொழி கெட்டது என்றார்கள், நம் எஃப்எம் தமிழைப் பற்றி நாம் சொல்வதைப் போலவே. ஆனால் அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகள் வீட்டில் அப்படித்தான் பேசினார்கள். அப்பாவுக்கு 97.9, மகளுக்கு 96.3. கார் ஒன்றுதான், இருவரும் ஸ்பானிஷ்தான்.

நம் வீட்டுக் காரில் எந்தத் தமிழ் ஓடுகிறது, பொத்தானை அழுத்துவது யார்? நேரமாகிவிட்டது, கேள்விகளுக்குப் போகலாம்.